நையாண்டியும் நியாயவாதியும்

விடுதிச்சாலை வாழ்வை அறிந்த பழைய மாணவர் எவரும் ஒரு காட்சியை மறந்திரார். ஆண்டிறுதி இராவிருந்து முடிந்து, இலைகள் அகற்றப்பட்டு, வாங்குகள் ஒழுங்காக இடப்பட்டபின், மேடையில் மாணவன் ஒருவன் தோன்றுவான். மூக்குக்கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்குவான்; சால்வையை இடத் தோளினின்றும் வலத் தோளுக்கு மாற்றுவான்; தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பிமாரே!" என்று ஒரேயொரு சொல்லைச் சொல்லுவான். மண்டபம் சிரிப்பால் அதிரும். முன்வரிசையில் வீற்றிருக்கும் கணித ஆசிரியருக்கும் அது தம்மையே குறித்ததென்பது விளங்கும்; அவரும் சிரிப்பார். அவரிடம் எவரும் அனுமதி கேட்டதில்லை. கேட்டிருப்பின் அது நையாண்டியாயிராது, பாராட்டு விழாவாய் முடிந்திருக்கும். மறுநாள் முதற் பாடவேளையில் அம்மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்து, வழக்கத்திலும் கடினமான கணக்கொன்றைக் கொடுப்பதே ஆசிரியர் எடுக்கும் பழி.

அவ்வாசிரியர் சிரிப்பதற்குப் பதிலாகத் தம் நியாயவாதியை நாடி, "எமது நடையும் உடையும் விளிச்சொல்லும் எமக்கே உரியன, அவற்றை மேடையேற்றுதலை உடனே நிறுத்துக, தவறின் நட்டஈடு கோரி வழக்கிடுவோம்" என்று கடிதம் எழுதுவித்தாரென வைத்துக்கொள்வோம். மாணவன் யாது செய்வான்? சட்டம் தன் பக்கம் இருக்கின்றதா என்று ஆராய்வானா? அதற்கு அவனிடம் பணமும் இல்லை, காலமும் இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவான். கணினி விளையாட்டு உலகிலே பல ஆண்டுகளாக நடந்துவருவது ஏறக்குறைய இதுவே. அதனை இம்மலரைப் படிப்போர்க்கு இயன்றவரை விளக்குதல் எம் நோக்கம்.

மூத்த அன்பர்கள் "விளையாட்டுத்தானே" என்று பக்கத்தைப் புரட்டிவிடலாகாது. இன்று உயர்தர வகுப்பிற் பயிலும் பிள்ளைகளுட் சிலர், பரீட்சைக்குப் படிக்கும் நேரம் போக எஞ்சிய நேரத்திலே (சில வேளை படிக்கும் நேரத்திலும்) தாமே சிறு விளையாட்டுக்களை ஆக்கி இணையத்தில் இடுகின்றனர். அவர்கள் முதலில் ஆக்குவது பெரும்பாலும் தமக்குப் பிடித்த ஒன்றின் போலியையே. கவிதை எழுதத் தொடங்குவோன் முதலிற் பிறர் நடையில் எழுதிப் பழகுவது போன்றதே இதுவும். ஆதலின் இக்கட்டுரை எங்கோ ஒரு தேசத்தின் செய்தியை மாத்திரம் கூறுவதன்று.

ஒரு கம்பனி வெளியிட்ட விளையாட்டிலே மனம் பறிகொடுத்தோர், அதன் பாத்திரங்களையும் இசையையும் களத்தையும் எடுத்து, ஊதியம் கருதாது தாமே புதியதொன்றை ஆக்கி இலவசமாக வழங்குவதை இரசிகர் விளையாட்டு என்பர். சில பழையதைப் புதுக்கி அமைப்பன. சில கதையைத் தொடர்வன. சில கேலி செய்வன. கேலி வகைக்கு மூத்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 'காசில் வுல்பென்ஸ்டைன்' என்னும் விளையாட்டு வெளிவந்தது. நாற்சிகளின் கோட்டையிற் சிறைப்பட்டவன் காவலரை ஏமாற்றித் தப்புவது அதன் பொருள். ஈராண்டின்பின் இளைஞர் சிலர் நாற்சிக் காவலரை நீக்கிவிட்டு, அவர்களிடத்திற் சிறுவர் சித்திரக் கதைகளில் வரும் 'ஸ்மர்ப்' என்ற நீலநிறக் குள்ளர்களை நிறுத்தி, 'காசில் ஸ்மர்பென்ஸ்டைன்' எனப் பெயரிட்டனர். அஞ்சத்தக்க கோட்டை நகைக்கத்தக்க கோட்டையாயிற்று.

தொல்காப்பியர் செய்யுளியலில் அங்கதத்தைச் செம்பொருள் என்றும் பழிகரப்பு என்றும் இருவகைப்படுத்தினார். வெளிப்படையாக வைதல் ஒன்று. மறைத்து வைதல் மற்றொன்று. யாம் ஈண்டுக் கூறும் நையாண்டிப் போலி இவ்விரண்டினுள்ளும் முற்றாக அடங்குவதன்று. பிறரது உருவத்தையே பூண்டுகொண்டு அவ்வுருவத்தின் மேலேயே சிரிப்பை எழுப்புவது அது. உருவம் இன்னாருடையதென்று தெரியாவிடின் சிரிப்பும் இல்லை. மூக்குக்கண்ணாடியும் சால்வையும் இன்றேல் மேடையில் நிற்பவன் வெறும் மாணவனே. இதனை வாசகர் நினைவில் இருத்துவாராக, பின்னர் வேண்டப்படும்.

இனி அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் காண்போம். 2016ஆம் ஆண்டு ஓகஸ்டில் 'நோ மான்ஸ் ஸ்கை', அதாவது எவருக்கும் உரியதல்லாத வானம், என்னும் விளையாட்டைப் பிரித்தானிய நிறுவனமாகிய ஹலோ கேம்ஸ் வெளியிட்டது. 18 என்னும் எண்ணின் பின் 18 சுழியங்களை இட்டால் வரும் தொகையிலும் அதிகமான கோள்கள் அதில் உண்டு. அவற்றைச் சித்திரகாரர் வரையவில்லை, கணிதச் சூத்திரங்களே படைத்தன. விளம்பரமும் வானளாவியது. வாங்கியோருட் பலர், கோள்கள் எண்ணிறந்தனவாயினும் அவற்றிற் செய்வதற்கு அதிகம் இல்லையென்று குறைப்பட்டனர். அம்மாத இறுதியில், மூன்று நாளில் ஒரு விளையாட்டை ஆக்கி முடிக்கும் 'லூடம் டெயர்' என்ற இணையப் போட்டியின்போது, சிறு குழுவொன்று 'நோ மாரியோஸ் ஸ்கை' என்பதை ஆக்கியது.

மாரியோ என்பவன் யப்பானின் நிண்டெண்டோ கம்பனிக்கு உரியவன். மீசையும் சிவப்புத் தொப்பியும் அணிந்த குழாய் திருத்துபவன். உலகெங்கும் சிறுவர் அறிந்த முகம். 1985ஆம் ஆண்டின் மாரியோ விளையாட்டில் ஒவ்வொரு கோட்டையாக வென்று சென்றாலும், இளவரசி வேறொரு கோட்டையிலேயே இருப்பாள். மேற்கூறிய குழுவினர் அம்மாரியோவை விண்கலத்தில் ஏற்றி, முடிவில்லாத கோள்களில் அவ்விளவரசியைத் தேடவிட்டனர். முடிவில்லா வானமும் அகப்படா இளவரசியும் ஒன்றுசேர்ந்தபோது, இரண்டு விளையாட்டுக்களின் மேலும் ஒரே வேளையிற் சிரிப்பு எழுந்தது. வெறும் மூன்று நாள் வேலைக்கு இது நல்ல நகைச்சுவை என்றே யாம் கருதுகின்றோம்.

சில நாட்களில் நிண்டெண்டோவின் அறிவித்தல் வந்தது, விளையாட்டு அகற்றப்பட்டது. ஆக்கியோர் வழக்காடவில்லை. மாரியோவை நீக்கிப் பெயர்பெறாத விண்வெளி வீரன் ஒருவனை வைத்து, 'டி.எம்.சி.ஏ.'யின் வானம் என்று பெயரை மாற்றி மீண்டும் வெளியிட்டனர். டி.எம்.சி.ஏ. என்பது அவர்களை வீழ்த்திய அமெரிக்கச் சட்டத்தின் பெயர்ச் சுருக்கம். இரண்டாம் பதிப்பில் எஞ்சியிருந்த பகிடி அப்பெயர் ஒன்றே.

அச்சட்டம் யாது செய்ததென்பதை விளங்குதற்கு, அது பிறக்குமுன் நடந்த ஒரு கதை உதவும். 1981ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்து மாணவர் சிலர், அட்டாரி கம்பனியின் 'மிசைல் கமாண்ட்' என்ற காசுபோட்டு ஆடும் இயந்திரத்தோடு இணைத்தால் ஆட்டத்தைக் கடினமாக்கும் கருவியொன்றைச் செய்து விற்றனர். அட்டாரி வழக்குத் தொடுத்தது. மாணவர் ஓடி ஒளியவில்லை. வழக்கறிஞரை அமர்த்தி எதிர்நின்றனர். ஈற்றில் வழக்கு இணக்கமாயிற்று. அட்டாரி அவர்களையே தனக்கு விளையாட்டு ஆக்கித்தரும்படி அமர்த்திக்கொண்டது. மூலக் கம்பனியின் இசைவின்றி இனிக் கருவி விற்பதில்லையென அவர்கள் உடன்பட்டனர். ஆதலின், 'பாக்-மான்' விளையாட்டை மாற்றித் தாம் ஆக்கிவைத்திருந்த 'கிரேசி ஒட்டோ'வை அமெரிக்காவில் அதன் உரிமை பெற்றிருந்த மிட்வே கம்பனியிடம் நேரிற் கொண்டுசென்று காட்டினர். அதுவே 1982ஆம் ஆண்டில் 'மிஸ் பாக்-மான்' என்று வெளிவந்து பெரும்புகழ் எய்தியது.

இங்கே கவனிக்க வேண்டியது மாணவரின் துணிவு மாத்திரம் அன்று. அக்காலத்தில் ஒன்றை நிறுத்த விரும்பிய கம்பனி நீதிமன்றத்தின் படிகளில் ஏறவேண்டியிருந்தது. ஏறினால் எதிர்த்தரப்பும் பேசும். நீதிபதி இருபாலும் கேட்பார். 1998ஆம் ஆண்டில் நிறைவேறிய டிஜிட்டல் மிலேனியம் பதிப்புரிமைச் சட்டம் இப்படிகளைத் தேவையற்றனவாக்கிற்று. உரிமையாளர், ஆக்கியோனுக்கன்றி, அவனது ஆக்கத்தைத் தாங்கிநிற்கும் இணையத்தள நிறுவனத்துக்கு ஓர் அறிவித்தல் அனுப்புவார். அந்நிறுவனம் விரைந்து அதனை அகற்றிவிட்டால், அதன்மேல் எவ்விதப் பொறுப்பும் சாராது. அகற்றாவிட்டால் தானும் குற்றத்திற் பங்காளியாகும் இடர் உண்டு. பிறர் பொருளுக்காக எந்த நிறுவனம் இடரை ஏற்கும்?

மறுப்பதற்கும் அச்சட்டத்தில் வழி உண்டு என்பதைக் கூறாதுவிடின் யாம் நடுநிலை தவறியவராவோம். ஆக்கியோன் எதிர் அறிவித்தல் அனுப்பலாம். உரிமையாளர் வழக்கிடாவிட்டால், 10 முதல் 14 வேலைநாட்களுள் ஆக்கம் மீண்டும் இடப்படும். ஆயின் எதிர் அறிவித்தல் அனுப்புவோன் தன் பெயரையும் முகவரியையும் கொடுத்து, பிறநாட்டவனாயினும் அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்பதாக ஒப்பமிடல் வேண்டும். அந்நீதிமன்றத்திலே தோற்பின், பதிவுசெய்யப்பட்ட ஆக்கம் ஒன்றுக்கு 750 முதல் 30,000 டொலர் வரையும், வேண்டுமென்றே செய்த மீறலாயின் 150,000 டொலர் வரையும் நட்டஈடு விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடந்தருகின்றது. இலவசமாக வழங்கினேன், ஒரு சதமும் பெறவில்லை என்ற விடை இத்தொகையிலிருந்து ஒருவனைத் தானாகவே காப்பாற்றாது. இந்நிலையில் கையொப்பமிடும் பல்கலைக்கழக மாணவன் எத்தனை பேர்?

ஆகவே விளையாட்டை மூடுவது தீர்ப்பன்று, கடிதமே. 'கேம் ஜோல்ட்' என்னும் ஒரே தளத்திலிருந்து 2016ஆம் ஆண்டில் 562 இரசிகர் விளையாட்டுக்களும், 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 379 விளையாட்டுக்களும் நிண்டெண்டோவின் அறிவித்தல்களால் அகற்றப்பட்டன. அவற்றுள் எவை நேர்மையான நையாண்டி, எவை வெறும் களவு என்று பகுத்துணர ஒரு நீதிபதியும் அமரவில்லை.

அமர்ந்திருந்தால் யாது கூறியிருப்பார்? இதற்கு ஒருவாறு விடை கூற உதவும் தீர்ப்பு ஒன்று உண்டு. அது விளையாட்டைப் பற்றியதன்று, பாட்டைப் பற்றியது. ரோய் ஓர்பிசன் 1964ஆம் ஆண்டிற் பாடிய 'ஓ, பிரிட்டி வுமன்' என்ற புகழ்பெற்ற பாட்டை, '2 லைவ் குரூ' என்னும் குழுவினர் 1989ஆம் ஆண்டிற் கேலியாக மாற்றிப் பாடினர். உரிமையாளராகிய அக்கப்-ரோஸ் நிறுவனத்திடம் முன்னரே அனுமதி கேட்டிருந்தனர், மறுக்கப்பட்டது, மறுத்தும் பாடினர், விற்றுப் பொருளும் ஈட்டினர். வழக்கு அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை சென்று 1994ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் திகதி ஒருமித்த தீர்ப்புப் பெற்றது. பொருளீட்டியமை ஒன்றினாலேயே நையாண்டி நேர்மையற்ற பயன்பாடு ஆகிவிடாது என்றும், மூலத்தை நினைவூட்டும் அளவுக்கேனும் அதன் உயிரான பகுதியை எடுத்தல் நையாண்டிக்கு இயல்பு என்றும் நீதிமன்றம் கூறிற்று. மேடை மாணவனுக்குக் கண்ணாடியும் சால்வையும் வேண்டுமென்பதை அந்நீதிமன்றம் ஒப்புக்கொண்டதென யாம் சொல்லலாம்.

ஆனால் அதே தீர்ப்பில் ஒரு வரம்பும் உண்டு. கேலி மூலத்தையே நோக்கியதாயிருத்தல் வேண்டும். மூலத்தின் புகழைக் கருவியாகக் கொண்டு வேறொன்றைக் கேலிசெய்வோன், தான் ஏன் இரவல் பெற்றான் என்பதற்குத் தனியே நியாயம் காட்டவேண்டும். இவ்வளவுகோலை இரசிகர் விளையாட்டுக்களின் மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் ஒரு விசித்திரம் புலப்படுகின்றது. மூலத்தை ஏளனம் செய்வோனுக்குச் சட்டத்திற் புகலிடம் உண்டு. மூலத்தை உயிரினும் மேலாக நேசித்து, அதன் ஒவ்வொரு கல்லையும் துடைத்து மீண்டும் அடுக்குவோனுக்கு அப்புகலிடம் இல்லை. அவன் எதையும் விமரிசிக்கவில்லையே! இரசிகர் விளையாட்டுக்களுட் பெரும்பகுதி பின்னைய வகையினது.

ஆர்ஜென்டீனா தேசத்து மில்டன் குவாஸ்டி என்பாரை நோக்குக. 1991ஆம் ஆண்டில் நிண்டெண்டோ தன் கையடக்கக் கருவிக்கு வெளியிட்ட இரண்டாம் 'மெட்ரோயிட்' விளையாட்டைப் புதிய நிறமும் இசையும் கொடுத்து முற்றாக மீள அமைக்க அவருக்குச் சுமார் பத்து ஆண்டுகள் சென்றன. மெட்ரோயிட் தொடர் பிறந்து 30 ஆண்டு நிறைந்த 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் திகதி, பிறந்தநாட் பரிசு போல அதனை இலவசமாக வெளியிட்டார். மிகச் சில நாட்களுள் அறிவித்தல்கள் பறந்தன. அதே மாதத்திற் 'பொக்கிமோன் யுரேனியம்' என்ற மற்றோர் ஆக்கமும், ஒன்பது ஆண்டு உழைப்பின்பின் வெளிவந்து, 15 இலட்சம் தரவிறக்கங்களைக் கண்டபின் மீட்டுக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டின் விளையாட்டு விருது விழாவுக்குச் சிறந்த இரசிகர் ஆக்கமென இரண்டும் முன்மொழியப்பட்டு, பின்னர் ஓசையின்றிப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டில் நிண்டெண்டோ தானே அவ்விரண்டாம் மெட்ரோயிட்டைப் புதுக்கி விலைக்கு வெளியிட்டது. குவாஸ்டியின் ஆக்கம் சந்தையில் அதற்குப் போட்டியாயிருந்திருக்கும் என்பதை மறுத்தல் கடினம். உரிமையாளரின் கோபத்துக்கு இங்கே நியாயம் உண்டு. ஆயினும் பத்தாண்டு உழைப்பை எண்ணும்போது எம் மனம் அந்நியாயத்திற் சென்று அமைதியுற மறுக்கின்றது.

இக்கம்பனிகளுட் பல யப்பானைச் சேர்ந்தவை. அந்நாட்டிலோ நையாண்டிக்கு வேறொரு வரலாறு. ஒளிப்படக் கலைஞர் ஒருவர் பனிமூடிய மலைச்சரிவிற் சறுக்குவோர் சிலர் வளைந்து வளைந்து இறங்குவதைப் படம்பிடித்திருந்தார். மாட் அமானோ என்ற நகைச்சித்திரக் கலைஞர் அப்படத்தை எடுத்து, மலையுச்சியிற் பிரமாண்டமான மோட்டார் ரயர் ஒன்றை ஒட்டினார். உடனே, பனியிற் பதிந்த சறுக்குத் தடங்கள் ரயர் உருண்ட தடமாகத் தோன்றின. சறுக்குவோர் அதற்கு அஞ்சி ஓடுவோராயினர். மோட்டார் வாகனங்கள் உலகைக் கெடுப்பதைக் காட்டவே அவ்வாறு செய்ததாக அவர் வாதிட்டார். 1980ஆம் ஆண்டில் யப்பானிய உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. மூல ஆக்கியோனின் படம் அவரது விருப்பத்துக்கு மாறாகச் சிதைக்கப்பட்டதென்பதே அதன் துணிபு. நையாண்டிக்கெனத் தனி விலக்கு அந்நாட்டுச் சட்டத்தில் இன்றும் இல்லை. ஆனால் அதே நாட்டில் 1975ஆம் ஆண்டு தொடக்கம் தோக்கியோவிற் கூடும் 'கொமிக் மார்க்கெட்' என்ற பெருஞ்சந்தையில், புகழ்பெற்ற பாத்திரங்களை வைத்து இரசிகர் தாமே வரைந்த ஏடுகள் மலைமலையாக விற்பனையாகின்றன. உரிமையாளர் பெரும்பாலும் காணாதவர் போல் இருந்துவிடுகின்றனர். உரிமை இல்லை, ஆனால் பொறுமை உண்டு. பொறுமை எந்த நாளும் தீரக்கூடும் என்பதே அதன் குறை. பிரித்தானியாவோ 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து நையாண்டிக்குச் சட்டத்திலேயே இடங்கொடுத்திருக்கின்றது.

கம்பனிகளின் பக்கத்தையும் கேட்டல் முறை. "நாம் வாளாவிருந்தால் எம் உரிமை அழிந்துவிடும், ஆதலாற் கடிதம் எழுதியே ஆகவேண்டும்" என்று அவற்றின் சார்பிற் சொல்லப்படுவதுண்டு. இது பாதி உண்மை. பெயரும் அடையாளச் சின்னமுமாகிய வியாபாரக் குறியைப் பலரும் பலகாலம் தடையின்றி ஆளவிட்டால் அதன் வலிமை குன்றலாம். பதிப்புரிமைக்கு அவ்வாறு நேராது. ஒருவரைக் கண்டிக்காது விட்டமையால் அது அழிந்தொழிவதில்லை. கடிதம் எழுதுவது கடமையன்று, தெரிவு. வேறு தெரிவு செய்தோரும் உளர். சிங்கப்பூர் இரசிகர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் ஆக்கிய, 'ஸ்ட்ரீட் பைட்டர்' மல்லரை 'மெகா மான்' உலகுக்குக் கொண்டுவந்த விளையாட்டை, 2012ஆம் ஆண்டு டிசெம்பரில் கப்கொம் கம்பனி தானே ஏற்று இலவசமாக வெளியிட்டது. இரசிகராயிருந்து வளர்ந்த கிறிஸ்டியன் வைட்ஹெட் என்பவரைக் கொண்டு சேகா கம்பனி ஆக்குவித்த 'சொனிக் மேனியா' 2017ஆம் ஆண்டிற் பெரிதும் பாராட்டப்பெற்றது. 'கிங்ஸ் குவெஸ்ட்' தொடரின் இரசிகர் குழுவொன்றை விவெண்டி கம்பனி 2005ஆம் ஆண்டில் நிறுத்தச் சொன்னபோது, ஏனைய இரசிகர் கடிதங்களாற் கம்பனியின் மேசையை நிறைத்தனர். தலைப்பை மாற்றும் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. உரிமை கைமாறிய பின் 2010ஆம் ஆண்டில் மீண்டும் தடை, மீண்டும் முறையீடு, மீண்டும் அனுமதி. அவ்வாண்டு யூலையில் முதற் பகுதி வெளிவந்தது.

எம் நாட்டு மாணவனின் நிலை யாது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, திறனாய்வு, கருத்துரை, கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றுக்காக ஓர் ஆக்கத்தை நேர்மையாகப் பயன்படுத்துதலை அனுமதிக்கின்றது. நையாண்டி அங்கே பெயர் குறித்துச் சொல்லப்படவில்லை. அமெரிக்கச் சட்டத்திலும் சொல்லப்படவில்லை, நீதிமன்றமே அதனை அச்சொற்களுட் கண்டது. எம் சட்டத்தின் 10ஆம் பிரிவோ, தன் மதிப்புக்கு ஊறு விளைக்கும் சிதைப்பை எதிர்க்கும் உரிமையை ஆக்கியோனுக்கு அளிக்கின்றது. எனினும் நடைமுறையில் இவற்றைப் புரட்டிப் பார்க்கும் வாய்ப்பே வராது. எம் பிள்ளை தன் விளையாட்டை இடும் தளம் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கும். அறிவித்தல் அங்கே செல்லும். மறுநாட் காலையில் அவன் தன் பக்கத்தைத் திறக்கும்போது பக்கம் இராது.

அவன் அறிந்திருக்க வேண்டிய வேறொன்று உண்டு. ஆட்டத்தின் விதி எவருக்கும் சொத்தன்று. அவ்விதிக்கு ஒருவர் பூட்டிய உருவமும் ஒலியும் பெயருமே சொத்து. மேலிருந்து விழும் துண்டுகளை அடுக்கும் 'டெட்ரிஸ்' ஆட்டத்தைப் போன்ற ஒன்றை விற்ற நிறுவனத்தின் மேல் 2012ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது இவ்வேறுபாட்டையே வற்புறுத்திற்று: அடுக்கும் விதியை எடுத்திருக்கலாம், துண்டுகளின் தோற்றத்தையும் பலகையின் அளவையும் அப்படியே எடுத்தது பிழை.

இவ்வேறுபாட்டினாற் பிழைத்தோர் கதை சுவையானது. ஹாஸ்புரோ கம்பனியின் குதிரைக்குட்டிப் பொம்மைகளைக் கொண்டு எழுந்த 'நட்பே மாயம்' என்ற பொருள்படும் தலைப்புடைய சிறுமியர் சித்திரத் தொடர் 2010ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இரசிகர் சிலர் அக்குட்டிகளை ஒன்றோடொன்று பொரவிட்டு, 'சண்டையே மாயம்' என்று தலைப்பிட்டனர். 2013ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஹாஸ்புரோவின் கடிதம் வந்தது, பணி நின்றது. அப்போது எதிர்பாராத உதவி ஒன்று கிட்டிற்று. அத்தொடரை ஆக்கிய லோரன் போஸ்ட் அம்மையார் தாமே முன்வந்து, அவர்களுக்கெனப் புதிய பாத்திரங்களை வரைந்து கொடுத்தார். பசு, செம்மறி, கலைமான், அல்பாக்கா எனக் குளம்புடைய பிற விலங்குகள் குதிரைக்குட்டிகளின் இடத்தைப் பெற்றன. சண்டையின் விதிகள் அவர்களுடையனவாகவே நின்றன. 2015ஆம் ஆண்டில் இரசிகரிடமே நிதி திரட்டி, 2020ஆம் ஆண்டில் அதனை முழுமையாக வெளியிட்டனர். நல்ல விளையாட்டு என்றே அறிந்தோர் கூறுகின்றனர். ஆனால் பசுவும் செம்மறியும் பொருதும்போது, நட்பைப் போதிக்கும் குட்டிகள் பொருதும்போது எழுந்த சிரிப்பு எழாது. யாம் முன்னே நினைவில் வைக்கச் சொன்னது இதனையே. மீளமைப்புச் செய்வோன் உடையை மாற்றித் தப்பலாம். நையாண்டி செய்வோனுக்கு உடையே பொருள். அதனைக் களைந்தபின் அவன் கையில் இருப்பது வேறொரு விளையாட்டு.

இதன் அண்மைய எடுத்துக்காட்டு 'பிளட்போர்ன்' பற்றியது. சோனி கம்பனி 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட இவ்விளையாட்டு இருளும் குருதியும் கொள்ளைநோயும் நிறைந்தது. அதில் நகைப்பதற்கு ஒன்றும் இல்லை. இதன் வேட்டைக்காரரைச் சிறுவர் ஓட்டும் சின்னஞ்சிறு பந்தய வண்டிகளில் ஏற்றினால் எப்படியிருக்கும் என்பது இரசிகரிடையே நெடுநாள் வழங்கிய பகிடி. லிலித் வால்தர் என்பார் அப்பகிடியை உண்மையாகவே ஆக்கத் துணிந்தார். அவர் முன்னரே, 2022ஆம் ஆண்டில், பிளட்போர்னை 1990களின் பழைய விளையாட்டுப் போலத் தோன்றும்படி மீளமைத்து இலவசமாக வெளியிட்டிருந்தார். பந்தயம் 2024ஆம் ஆண்டு யனவரி இறுதியில் வெளிவருமென அறிவித்தார். அம்மாதத்திலேயே சோனி தொடர்புகொண்டது. வால்தர் பந்தயத்தைக் கைவிடவில்லை. பெயரையும் முகங்களையும் மூலத்தை நினைவூட்டும் குறிகளையும் ஒவ்வொன்றாகச் சுரண்டி அகற்றினார். நான்கு மாதம் தாமதித்து, மே 31ஆம் திகதி, 'நைற்மெயர் கார்ட்' என்ற புதுப் பெயருடன் அது வெளிவந்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில், மூன்று ஆண்டுகளாக எவரும் தொடாதிருந்த அவரது முதல் ஆக்கமும் அறிவித்தல் ஒன்றினால் இணையத்தினின்றும் அகற்றப்பட்டது. பந்தயம் மாத்திரம் எஞ்சி, இலவசமாகக் கிடைக்கின்றது. முந்திய பகிடியைக் கேட்டறிந்தோர், வண்டியோட்டுவோர் எவரென்று தாமே ஊகித்துச் சிரித்துக்கொள்கின்றனர்.